மே/பா

வீட்டில் ஐந்து பேர். ஒரே ஒரு சிம்.
ஜன்னல் கம்பியில் செருப்பு வாரால் கட்டிய ரவுட்டர்
எதிர்மலைக் கோபுரத்தைப் பார்த்தபடி தொங்குகிறது.
பனி இறங்கினால் இரண்டு கோடு,
விலகினால் மூன்று.

கம்பெனி கேட்பது ஒன்றுதான்:
நான் கொழும்பிலிருந்து வர வேண்டும்.
ஆளாக அல்ல, எண்ணாக.

வெள்ளவத்தையில் ருக்‌ஷாந்தனின் வாடகை அறையில்
கட்டிலுக்கடியில் ஒரு பழைய பெட்டி
எனக்குப் பதிலாகக் கொழும்பில் இருக்கிறது.
மாதம் இரண்டாயிரம், கரண்ட் பில்லுக்கு.
லெப்டொப்பை மட்டும் இதுக்குள்ளால விட்டாப் போதாதா என்றான்.
போதாது.
கம்பெனிச் செயலி என் போனிலும் உண்டு,
கடவு எண் வருவது அம்மாவின் போனுக்கு.
ப்ரொக்சி என்று ஒன்று இருப்பதே தெரியாத செயலிகள்;
அவற்றிடம் போய் வழி மாறு என்று சொல்ல முடியாது.
பாதையையே மாற்ற வேண்டும்,
நடப்பவருக்குத் தெரியாமல்.

ஆகவே ஓர் இடைமுகம் செய்தேன்.
கம்பி இல்லை. துளை இல்லை.
மினுங்கும் பச்சைப் புள்ளியும் இல்லை.
பெயர் டன். இலக்கம் பூச்சியம்.
திலோஷினி போர்வைக்குள்ளிருந்து தலை நீட்டினாள்:
"ஒரு டன், எடை பூச்சியமா?
நம்ம கணக்கப்பிள்ளை நிறுத்ததா?"

இரவு ஒன்று பத்து.
வீட்டிலிருந்து கிளம்பும் யாவும்
இந்த இல்லாத கதவால் போகட்டும் என்று
ஒரு வரி தட்டினேன்.

வீடே செத்தது.

வேலை முடிந்து குவைத்திலிருந்து பேசிய சித்தி
பாதி ஹலோவில் நின்றாள்.
அம்மா என்னைப் பார்த்த பார்வையை
எந்தப் பெட்டி வழியாகவும் திருப்பி அனுப்ப முடியாது.

பிழை பிடிபட நாற்பது நிமிடம்.
யாவும் என்றால் யாவும்.
பெட்டிக்குப் போக வேண்டிய பொதியும்
அதே கதவுக்குள் நுழைந்து
அதே கதவைத் தேடிக்கொண்டிருந்தது,
மடுவத்தைச் சுற்றிச் சுற்றி
மடுவம் எங்கே என்று கேட்கும் கொழுந்து லொறி போல.
இன்னொரு வரி சேர்த்தேன்:
பெட்டியின் எண்ணுக்கு மட்டும் பழைய வாசல்.
எல்லாரும் மாறுவழியில் போவதற்கு
ஒருவராவது
உள்ள வழியில் போய்த்தான் ஆக வேண்டும்.

ஹலோ, என்றாள் சித்தி.

இது எனக்குப் புதிதில்லை.
எங்கள் லயத்துக்கு இலக்கம் உண்டு, வீட்டுக்கு இல்லை.
பெயர் எழுதி, அடியில் மே/பா போட்டு,
தோட்ட ஆபிஸ் என்று முடிக்க
மூன்றாம் வகுப்பிலேயே பழகியவள் நான்.
வங்கி வேலைக்கான நேர்முகம் ஒரு திங்கட்கிழமை.
கடிதம் என் கைக்கு வந்தது வியாழன்.
உறையின் மேல் ஒரு தேநீர்க் கோப்பையின் வட்டம்,
காய்ந்து, வெகு அழகாக.

ருக்‌ஷாந்தனின் பெட்டி தேநீர் குடிப்பதில்லை.

சோதித்தேன். கொழும்பு ஆறு என்றது.
பெயர்களைத் தேடும் கேள்விகள் மட்டும்
இன்னும் மலையிலிருந்தே கிளம்பிக்கொண்டிருந்தன;
பதில் கொழும்பில், கேள்வி தலவாக்கலையில்.
அதையும் அடைத்தேன். மணி மூன்று.
பெரட்டுக்கு எழும்ப அம்மாவுக்கு
இன்னும் இரண்டு மணித்தியாலம்.

எட்டரைக்குக் கூட்டம்.
படம் தெளிவு, குரல் தெளிவு,
என் ஒவ்வொரு சொல்லும் கடற்கரைப் பக்கம் போய் வந்தது.
ஏழாவது நிமிடத்தில் மழை.
தகரம் முழுவதும், ஒரே நேரத்தில்,
யாரோ சாக்குச் சாக்காகச் சல்லி கொட்டுவது போல.

மனோரி மிஸ் தலை நிமிர்ந்தாள்:
"வெள்ளவத்தைப் பக்கம் இவ்வளவு மழையா?"

இதற்கு வழி எழுத எனக்குத் தெரியாது.
ஆமாம் மிஸ் என்றேன்,
ஒலியை மூடினேன்.

அந்த நேரம் பார்த்து ருக்‌ஷாந்தனின் செய்தி:
பெட்டி சூடாகுது, ஃபேன் வைக்கவா?
இங்க சரியான வெயில்.